நாய்க்குப் போன கொழுப்பு

குழம்பின் மேல் இரவு முழுக்க உறைந்து நின்ற கொழுப்பை டோரீன் கரண்டியால் வழித்துக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். குனிந்து அடுப்பை ஊதிவிட்டு நிமிர்வதற்குள் கிண்ணத்தைக் காணோம். அவள் கணவன் ரெமிஜியஸ் அதைத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்து வீட்டு ஓஸ்வால்டின் நாய்க்குக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க இது? எனக்குன்னு எடுத்து வச்சேன். கோசு வதக்கிக்கலாம்னு பாத்தேன்."

"இந்த வூட்ல கொழுப்பு வேணாம்னு சொன்னேனா இல்லியா?"

"டாக்டர் சொன்னது உங்களுக்கு. என் வாய்க்கும் சேத்தா பூட்டு போட்டாரு?"

"கண்ணுல பட்டா எனக்கு ஆசை வந்துடும்மே" என்றபடி கிண்ணத்தைக் கழுவப் போட்டான்.

டோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனக்கு ஆகாதென்றால் வீட்டில் ஒருத்தரும் தொடக்கூடாதாம். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா?

எல்லாம் ஈஸ்டர் முடிந்த கையோடு ஆரம்பித்தது. கோவில் படி ஏறும்போது அவளுக்கு மார்பை அடைத்தது. வாயுதான் என்று சொல்லியும் கேட்காமல் ரெமிஜியஸ் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, மிக்சர் மருந்து எழுதிக்கொடுத்து வெளியே உட்காரச் சொன்னார்.

"வந்ததே வந்துட்டோம், நானும் காமிச்சுட்டு வர்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனவன், முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தான். இதயத்தில் கோளாறாம். கொழுப்பு ஆகவே ஆகாதாம். எண்ணெயைக்கூட அளந்துதான் ஊற்றவேண்டுமாம்.

அன்றோடு மிக்சர் பாட்டிலை அவள் மறந்துபோனாள். புருஷன் பிழைத்துக் கிடக்கவேண்டும், அது ஒன்றுதான் அவள் வேண்டுதல். அவன் வனஸ்பதி டப்பாவைத் தூக்கி யாருக்கோ கொடுத்தபோதும் வாய் திறக்கவில்லை. கடலை எண்ணெய் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போனால் பின்னால் வந்து நின்றான், அதையும் பொறுத்துக்கொண்டாள்.

ஆனால் கறிக்கு என்ன செய்வது? அவனுடைய ரயில்வே கூட்ஸ் ஷெட் சம்பளத்தில் ஆட்டுக்கறி கட்டுப்படியாகாது. மாட்டுக்கறியிலும் தொடைக்கறி கேட்டால், கடைக்காரர் சின்னப்பா விலையைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். மலிவாகக் கிடைப்பது நெஞ்சுக்கறி, அதில் பாதிக்குப் பாதி கொழுப்பு.

அதைக் கத்தியால் செதுக்கி, வேகவைத்து, ராத்திரி வெளியே ஆறவிடுவாள். பெங்களூர்க் குளிரில் மேலே வெள்ளையாகக் கட்டிக்கொள்வதைக் காலையில் வழித்தெடுப்பாள். இவ்வளவு பாடுபட்டுத் தட்டில் போட்டால், கறி துவைத்த துணி மாதிரி இருக்கும்.

கல்யாணமான நாளிலிருந்து நல்ல துண்டெல்லாம் அவன் தட்டுக்குத்தான். சட்டியில் மிஞ்சும் கொழுப்பும் எலும்பும் அவளுக்கு. தனக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கும் கிடையாது, ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னால் அந்த வரிசையில் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் கிடையாது.

அவன் தின்று எழுந்தபின், கொழுப்பு ஒட்டிய சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்பாள் பாருங்கள், அந்த ஒரு சுகத்துக்கும் இப்போது நாய் பங்குக்கு வந்துவிட்டது. அது மட்டும் பீப்பாய் மாதிரி உருண்டு திரண்டிருந்தது.

"நாளன்னிக்கி மாதா திருவிழா" என்றாள், கோபத்தை அடக்கிக்கொண்டு. "பன்னிக்கறி கொஞ்சம் வாங்கட்டுமா? ஒரு நாளைக்குத்தானே."

"வேணாம்."

"சரி, உங்களுக்கு வேணாம். ஓஸ்வால்ட் வூட்ல குடுப்பாங்க, நான் ரெண்டு துண்டு தின்னுட்டு வர்றேன்."

"நீயும் தின்னாதே. என் மேல சத்தியம் பண்ணு."

"சத்தியமா? நல்லாருக்கே நியாயம். உங்களுக்கு நோவுன்னா நான் சாமியாரிணி ஆயிடணுமா?"

அவன் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அவ்வளவுதான், இருந்த பொறுமையெல்லாம் தீர்ந்தது. நேரே டாக்டரிடமே கேட்டுவிடுவது, அவர் வாயாலேயே ஒரு வார்த்தை வாங்கிவந்து இந்த மனுஷன் முகத்தில் வீசுவது என்று புறப்பட்டாள். கோபத்தில், டாக்டர் வீட்டு மேட்டை எங்கும் நிற்காமல் ஏறினாள். ஒருவேளை நோய் முற்றியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அவள் வாய் திறப்பதற்குள் டாக்டர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். குழாயை மார்பில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தமும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லாருக்கு. கொழுப்பை அடியோட நிறுத்திட்டீங்க போல."

"அவருக்காக நிறுத்தினது டாக்டர். அதைப் பத்தித்தான் கேக்க வந்தேன். வூட்ல ஒரே பேஜாரா இருக்கு. திருவிழாவுக்கு ஒரு நாள், ஒரே நாள், அவருக்குப் பன்னிக்கறி குடுக்கலாமா? அவர் இதயம் தாங்குமா?"

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார்.

"அவர் இதயமா? அன்னைக்கு நான் சோதிச்சது உங்களை மட்டும்தானேம்மா."