கேப்டன் அழணும்

இந்தத் தடவை தும்மல்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பாப்பாவின் கண்ணில் நீர் கோத்து, இதோ விழப்போகிற நேரம். செட்டுத் தட்டிக்குப் பின்னாலிருந்து மேடம் ஒரு தும்மல் போட்டாரே பார்க்கணும், தட்டியே அதிர்ந்தது. பாப்பா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கண்ணீர் வந்த வழியே போய்விட்டது.

இயக்குநர் கட் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்தில் கிளாப் பலகையோடு நின்ற உதவி இயக்குநருக்கு வந்ததே கோபம். முதல் டேக்கில் மேடத்தின் செல்போன் அலறியது. அடுத்த டேக்கில் என் சால்வையைப் பார்த்தீங்களா என்று கேட்டுக்கொண்டு ஃபிரேமுக்குள்ளேயே நடந்து வந்தார். இப்போது தும்மல். இத்தனைக்கும் இந்தக் காட்சியில் மேடத்துக்கு வேலையே கிடையாது.

டிவி தொடர் அது. விண்கலத்தில் போகிறவர்கள் ஏதோ ஒரு ஒளிமேகத்துக்குள் மாட்டிக்கொண்டு, பெரியவர்கள் எல்லாரும் குழந்தைகளாகிவிடுகிற எபிசோடு. கேப்டனாக நடிப்பவர் மேடம். குட்டிக் கேப்டன்தான் பாப்பா. கூட வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாமல், தன்னந்தனியாக நாற்காலியில் உட்கார்ந்து கேப்டன் அழணும். அவ்வளவுதான் காட்சி.

பாப்பா சிரிக்கச் சொன்னால் சிரிப்பாள், ஓடச் சொன்னால் ஓடுவாள். அழத்தான் வரவில்லை. கிளிசரின் போடலாமே என்றால் இயக்குநருக்கு ஆகாது. அது பொய்க் கண்ணீராம், குளோசப்பில் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

அதனால்தான் காலையில் உதவி இயக்குநரை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். பாப்பாவின் அம்மாவை மாடி கேன்டீனில் உட்கார வைத்துவிட வேண்டியது. கூப்பிடுகிற வரைக்கும் இறங்கி வராதீங்க, உங்களைப் பார்த்தால் குழந்தைக்கு நடிப்பு வராது என்று சொல்லிவிட வேண்டியது. பாப்பாவிடம், நீ சரியா அழலைன்னு அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க, இனிமே வரமாட்டாங்க என்று ஒரு வார்த்தை. அழுகை தானாக வரும். எல்லாரும் செய்கிறதுதான், ஷாட் முடிந்ததும் அம்மாவை வரவழைத்தால் போயிற்று என்றார். இது மட்டும் நன்றாக அமைந்துவிட்டால் அடுத்த எபிசோடை நீயே எடு என்றும் சொன்னார்.

வருஷக்கணக்கில் கிளாப் அடித்தே கை காய்த்தவள் அவள். மனசு உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் என்ன, போய்ச் சொல்லிவிட்டாள்.  பாப்பா உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

கஷ்டப்பட்டு வரவழைத்த அந்த முகத்தைத்தான் மேடம் திரும்பத் திரும்பக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

"வயித்தெரிச்சல், வேறென்ன" என்று லைட்மேன் முணுமுணுத்தார். உதவி இயக்குநருக்கும் அப்படித்தான் பட்டது. மேடமும் ஒரு காலத்தில் குழந்தை நட்சத்திரம்தான். அழுகிற காட்சி ஒன்றுக்காகவே அவரைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அந்தப் பேரை இன்னொரு குழந்தை தட்டிக்கொண்டு போனால் பொறுக்குமா?

இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு, மேடம் கொஞ்சம் மேக்கப் ரூமில் இருங்களேன் என்றார். மேடம் மறுபேச்சுப் பேசாமல் போனார். ஆனால் மறுபடி லைட்டைச் சரிசெய்து முடிப்பதற்குள் தயாரிப்பு மேனேஜர் வந்துவிட்டார். குழந்தையை வைத்து எடுக்க அனுமதித்த நேரம் முடிந்துபோச்சாம், இனி ஒரு நிமிஷம் எடுத்தாலும் வம்பாம். இயக்குநர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு விடுவிடென்று காருக்குப் போனார். போகிற போக்கில், அடுத்த எபிசோடு விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதைக் கேட்டதும் இவளுக்கு ரத்தம் கொதித்தது. நேரே மேக்கப் ரூமுக்குப் போய், பெரியவர் சின்னவர் பார்க்காமல் பொரிந்து தள்ளிவிட்டாள். ஒரு சின்னக் குழந்தையோடு போட்டி போடுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

மேடம் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.

"நீ பாப்பாகிட்ட சொன்னது தட்டிக்குப் பின்னால நின்ன என் காதுலயும் விழுந்துச்சும்மா. டைரக்டர்கிட்ட சொன்னா கேட்கிற ஆளில்ல. அதான் நேரத்தை ஓட்டினேன்."

"அது சும்மா ஷாட்டுக்காகத்தானே மேடம்..."

"எனக்கும் ஷாட்டுக்காகத்தான் சொன்னாங்க, அம்மா செத்துட்டாங்கன்னு. அழுதேன். பிரமாதம்னு எல்லாரும் கைதட்டினாங்க. தட்டின ஜோர்ல, அது பொய்னு சொல்ல ஒருத்தருக்கும் ஞாபகம் வரல. வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு அம்மா இல்ல."



மேடம் பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அது பொய்னு நீ பாப்பாகிட்ட சொல்லிட்டல்ல?"

 அவள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

செட்டில் பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். ஆளாளுக்கு ஒயர் சுற்றுகிற மும்முரம். நடுவில், கேப்டன் நாற்காலியில் பாப்பா உட்கார வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. இவளைக் கண்டதும் அவசர அவசரமாக இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இப்ப நான் நல்லா அழறேன் பாருங்க. அம்மாவை வரச் சொல்றீங்களா?"