மேசையைத் தட்டும் விரல்கள்

கோலா சிலாங்கூர் நகரத்துச் சீன உணவகத்தில், மூங்கில் கூடைகளிலிருந்து எழும் ஆவியின் ஊடே ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் மெல்ல இறங்குகிறது. பீங்கான் கிண்ணங்களின் ஒலியும் கந்தோனீஸ் பேச்சும் கூடத்தை நிறைக்கின்றன. வட்ட மேசையின் ஒரு புறம் கலாவதி அம்மையாரும் மகன் திவாகரனும்; எதிர்ப்புறம், அவன் மணக்க விரும்பும் சியூ ஃபோங்கும் அவள் தந்தை லியோங்கும். லியோங் இதுவரை சம்மதம் என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. பாவ் என்னும் ஆவி பறக்கும் சீன ரொட்டி ஒன்றைக் கடித்தபடி அமர்ந்திருக்கிறார். கலாவதி பணிவோடு தேநீர்க் கெண்டியை எடுத்து அவருடைய கிண்ணத்தில் ஊற்றுகிறார். அவரோ மடித்த இரு விரல்களால் மேசையைத் தட்டுகிறார். கலாவதி வேலை பார்த்த தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அப்படித் தட்டினால், எழுந்து போகச் சொல்கிறார் என்று பொருள். கலாவதி கெண்டியைச் சட்டென வைத்துவிட்டு மகன் பக்கம் குனிகிறார்.

“தம்பி, கோவமாடா அவருக்கு?”

“ஐயோ அம்மா, அது நன்றி லா! வாய் நெறைய பாவ் வச்சிக்கிட்டு எப்படிப் பேசுவாரு?”

கலாவதி நிமிர்ந்து பார்க்கிறார். தேநீர் ஊற்றப்படும் மேசைகளிலெல்லாம், பேச்சை நிறுத்தாமலே விரல்கள் தட்டுகின்றன. இத்தனை இரைச்சலுக்குள் இத்தனை நன்றியா என்று அவருக்கு மெய் சிலிர்க்கிறது. அதற்குள் லியோங் பாவை விழுங்கிவிட்டு எழுந்து, கலாவதியின் கிண்ணத்தை நிறைக்கிறார்.

“மினும் லா, பெசான்.”

பெசான். குடிக்கச் சொல்லும்போதே, மலாயில் சம்பந்தி என்று அழைத்துவிட்டார். கும்பிடக் குவிந்த கைகளைக் கலாவதி பாதியில் பிரித்து, இரு விரல்களை மடித்து, மேசையை மெதுவாகத் தட்டுகிறார்.