ஜப்பான்காரி சொன்னது

“அவ இன்னைக்கு அவன் வீட்டுப் படி ஏறிட்டா வழக்கு முடிஞ்சுது. ஏறலைன்னா தாலிய அத்து விட்டுர வேண்டியதுதான்” என்றார் மொக்கைச்சாமி. கூடியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

படி ஏற வேண்டியவள் ஜப்பானில் இருந்தாள். அத்து விடப்பட வேண்டியவள் ராஜபாளையத்தில், ஞானபாக்கியத்தின் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிறு மதியம் டி.வி.யில் வரும் ஜப்பான் தொடருக்காகத் தெருவே இந்த வீட்டில்தான் கூடும். போன மாதம் அதில் வருகிற பெண், அடிக்கிற புருஷனை விட்டுவிட்டுக் கிளம்பினாள். அடுத்த வாரமே காளிராஜின் மனைவி இசக்கியம்மாளும் முழங்கையில் சூட்டுக் காயத்தோடு பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். பழி முழுக்க ஜப்பான் தலையில் விழுந்தது.

“வீட்டுல புஸ்தகத்தத் தொட்டா, புடுங்கி அடுப்புல போட்டேன் மாமா. இந்த டி.வி.ய எந்த அடுப்புல போட?” என்று காளிராஜ் தாய்மாமனான மொக்கைச்சாமியிடம் முறையிட்டான்.

மாமா லேசுப்பட்டவர் இல்லை. போன வாரம் தானும் வந்து உட்கார்ந்து பார்த்தார். ஜப்பான்காரி மூட்டை முடிச்சோடு புருஷன் ஊரில் ரயிலை விட்டு இறங்கினாள். இனி அவள் வேறெங்கே போவாள்?

“ஏட்டி, அவளப் பாத்துத்தான போன? அவ திரும்பிப் போனா நீயும் போகணும். அவ போகலைன்னா நாங்க உன்னக் கூப்பிடல. சம்மதமா?” என்று இசக்கியம்மாளைக் கேட்டார்.

சித்திக்கே கல்யாண வயதில் இரண்டு பெண்கள். எத்தனை நாள்தான் வைத்துச் சோறு போடுவாள்? இசக்கியம்மாள் தலையாட்டிவிட்டாள். இன்று அந்தத் தொடருக்குக் கடைசி வாரம்.

படத்துக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடும். அதை வாசித்து எல்லோருக்கும் தமிழில் சொல்வது ஞானபாக்கியம்தான். மில் ஆபீசில் டைப் அடிப்பவள். வேதக்கோயிலுக்குப் போய் வந்த வெள்ளைச் சேலையைக்கூட இன்னும் மாற்றவில்லை. காளிராஜ் டி.வி. மேலிருந்த வேதபுத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

“இதத் தொட்டுச் சொல்லுங்க. உள்ளத உள்ளபடி சொல்லணும். கூட்டிக் குறைச்சீங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

“நான் என்னைக்குப்பா பொய் சொல்லியிருக்கேன்?” என்று அவள் அதன்மேல் கையை வைத்தாள்.

தொடர் ஆரம்பித்தது. மலைக்காற்றில் ஆன்டெனா ஆடியதில், விழுவது ஜப்பான் பனியா, டி.வி.யின் புள்ளியா என்று யாருக்கும் தெரியவில்லை.

“நம்ம படம்னா இந்நேரம் ரெண்டு பாட்டு வந்திருக்கும். இவிய என்னடான்னா, அழுதாக்கூடச் சத்தமில்லாம அழுவுதாவ” என்றாள் பக்கத்து வீட்டு அழகுத்தாய்.

“அதாங்க்கா நெஞ்சப் புடிக்கி” என்றது ஒரு குரல்.

“செத்த நேரம் சும்மா இருங்க!” என்று மொக்கைச்சாமி அதட்டினார்.

எல்லோரும் ஜப்பான்காரியின் முகத்தையே பார்த்தார்கள். இசக்கியம்மாளின் பார்வை மட்டும் தாழ்ந்தே இருந்தது. நிமிர்ந்து பார்க்கக்கூடத் தெம்பில்லையே என்று அழகுத்தாய் உச்சுக்கொட்டினாள்.

ஜப்பான்காரி கதவைத் தட்டினாள். புருஷன் திறந்தான். அவள் இடுப்பு ஒடியக் குனிந்து, குனிந்தபடியே ஏதோ சொன்னாள். ஒரே ஒரு வரி எழுத்து வந்து போனது. அப்புறம் கடலைக் காட்டினார்கள், இசை வந்தது, பெயர்கள் ஓடின. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

“பாத்தீங்களா, மன்னிப்புக் கேட்டுட்டா!” காளிராஜ் துள்ளி எழுந்தான். “கெளம்புட்டி வீட்டுக்கு!”

இசக்கியம்மாள் அசையவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

“இருப்பா” என்றாள் ஞானபாக்கியம். “அந்த ஊர்ல வந்தாலும் குனிவாவ, போனாலும் குனிவாவ. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

“அப்ப அவ என்னதான் சொன்னா?” என்று மொக்கைச்சாமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஞானபாக்கியம் வேதபுத்தகத்தின் மேலிருந்த கையை எடுக்காமலே சொன்னாள்.

“‘இன்னியோட உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். உடம்பப் பாத்துக்கிடுங்க’ன்னு சொல்லிட்டா.”

“பொய்யி!” காளிராஜ் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். மாமா குறுக்கே விழுந்து பிடித்தார்.

“ஏலே, வேதத்து மேல கை வச்சுச் சொல்லுதாக. அவியளப் போயி அடிக்கப் போறியா? வாக்குக் குடுத்தது நான். நாளைக்கே அத்து விட்டுருவோம், நடலே.”

மருமகனை இழுத்துக்கொண்டு போனவர், வாசலில் நின்று டி.வி.யை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போனார். தெரு ஜனமும் ஜப்பான்காரியின் துணிச்சலைப் பேசிக்கொண்டே கலைந்தது.

ஞானபாக்கியம் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். இசக்கியம்மாள் அவள் மடியில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள். ஞானபாக்கியம் தடுக்கவில்லை.

“போதும்ட்டி. நாளைக்கு என்கூட மில்லுக்கு வா, ஆள் எடுக்காவ. இனிமே உன்ன யாரும் கூப்பிட மாட்டாவ. எல்லாம் அந்த ஜப்பான்காரி புண்ணியம்.”

இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“‘திரும்பி வந்துட்டேன், மன்னிச்சிருங்க’ன்னுதானக்கா எழுத்துல போட்டான்?”