வீட்டுக்குள் ஒரு குளவி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: நாகானோவில் தலைமுறை தலைமுறையாகத் தேனீ வளர்க்கும் குவாபாரா குடும்பத்தின் தலைவர் தொகுஜி, மனைவி ஃபுமி, ஒரே மகள் சயாகா, அவளை மணந்து, அவர்கள் வழக்கப்படி பெண்வீட்டுக் குடும்பப் பெயரையே ஏற்று, வீட்டோடு மாப்பிள்ளையாக வர அனுமதி கேட்ட ஷுன்பெய்.

“என்ன தொழில்?” என்று கேட்டார் தொகுஜி.

“ஒட்டுண்ணிக் குளவி வளர்க்கிறேங்க ஐயா. பயிர்ல சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சியை ஒழிக்கும். மருந்தடிக்க வேண்டாம், உங்க தேனீயும் சாகாது.”

“தேனீ தன் கூட்டைத் தானே கட்டுது. உன் குளவி அடுத்தவன் உடம்புக்குள்ள புகுந்து, அவனையே தின்னு வளருது. நீயும் அப்படித்தான் எங்க வீட்டுக்குள்ள புகுந்து, எங்க பேரையும் வெச்சுக்கப் பாக்கிறே.”

சயாகா தலைகுனிந்தாள். ஃபுமி நிதானமாகத் தேநீர் ஊற்றினாள்.

“என்னங்க, நீங்க உங்க பேரை விட்டுட்டு இங்க மாப்பிள்ளையா வந்தப்ப, எங்கப்பாவும் உங்களைக் குளவின்னுதான் சொன்னாரு.”

ஷுன்பெயைத் தொகுஜி துரத்திவிட்டதாக ஊரில் பேச்சு. அது தவறு. கல்யாணத்தன்று வாசல் பெயர்ப்பலகையில் அவன் பெயரைத் தம் கையாலேயே எழுதினார், தம் பெயருக்கு ஒரு விரற்கடை கீழே.