அக்கவுண்டன்டின் கண்ணாடி
வேலையை விட்டுச் சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை போட்டவள், பழைய கம்பெனி அக்கவுண்டன்ட் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். வருஷம் முழுக்க வேலையில் இருப்பாள் என்று கணக்குப் போட்டுச் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்ப வாங்க, அவர் தரும் சான்றிதழ் வேண்டும். போன வாரம் வந்தபோது பிரிண்டரில் மை இல்லை என்றார். இன்றைக்கு அவர் கண்ணாடி இரண்டாகக் கழன்று மேஜை வெயிலில் கிடக்கிறது. "ஸ்க்ரூ விழுந்துடுச்சும்மா, எழுத்தே தெரியல. நாளைக்கு வாயேன்." அவள் பையைத் திறக்கிறாள். கடுகளவு ஸ்க்ரூ ஒன்று விரல்நுனியில் மின்னுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்குகிறாள், துணியால் துடைக்கிறாள், நீட்டுகிறாள். "இப்போ தெரியுதா சார்?" அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார், பிரிண்டர் முனகத் தொடங்குகிறது. சான்றிதழைப் பைக்குள் வைத்துவிட்டு, அவள் பில் புத்தகத்தை எடுக்கிறாள். "ரிப்பேர் பில் உங்க பேர்லயா சார், கம்பெனி பேர்லயா?"