ஆரோக்கியமான போட்டி

வாயைத் திறந்தபடி டீச்சர் முகம் ஸ்க்ரீன்ல உறைஞ்சு போச்சு.

போச்சுடா! மறுபடியும் நெட் கட்!

ஆன்லைன்ல கணக்கு சொல்லித் தர்ற டீச்சருக்கு அன்னிக்கு ரெண்டாவது எச்சரிக்கை வந்தது. 'மூணாவது தடவை பாடம் நடுவுல நின்னா, வேலை கிடையாது.' டியூஷன் கம்பெனி ரொம்பப் பாசமா, கடைசியில ஒரு சிரிக்கிற பொம்மை வேற போட்டு அனுப்பியிருந்தாங்க.

அந்தத் தெருவுல நெட்டுக்கு ரெண்டே ரெண்டு கம்பெனி. ஒண்ணு நீலம், ஒண்ணு சிவப்பு. டீச்சர் நீலத்தைத் தலைமுழுகிட்டு சிவப்புக்கு ஃபோன் போட்டாங்க.

மறுநாள் காலிங்பெல். சிவப்புச் சட்டை, தோள்ல ஏணி.

டீச்சர் உத்துப் பார்த்தாங்க. "நீங்க போன வாரம் நீலச் சட்டையில வந்தவர்தானே?"

"ஆமாங்க டீச்சர்."

"கம்பெனி மாறிட்டீங்களா?"

"இல்லைங்க. காலையில சிவப்பு, மத்தியானம் நீலம்."

மனுஷன் ஒயரைக்கூட மாத்தல. அதே பெட்டி. மேல இருந்த நீல ஸ்டிக்கரை உரிச்சார், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். "முடிஞ்சுதுங்க."

டீச்சருக்கு சுர்ருன்னு ஏறிச்சு.

"வெக்கமா இல்லை? ஊரை ஏமாத்துற பொழப்பு! இன்னொரு தடவை நெட் போனா என் வேலை போயிடும், தெரியுமா? வீட்டுக்காரர் கால்ல கட்டோட கிடக்கார். சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்!"

நெட்காரர் வாசல்ல இருந்த வீட்டு நம்பரை ஒரு தடவை பார்த்தார். ஏணியைத் தூக்கிட்டுப் போயிட்டார்.

"பார்த்தீங்களா திமிரை!"

கட்டுப் போட்ட காலை நீட்டிக்கிட்டு வீட்டுக்காரர் சொன்னார்: "விடும்மா. ரெண்டு பொண்டாட்டிக்காரன்கூட இவ்வளவு ஒழுங்கா நேரம் பிரிச்சுக்க மாட்டான்."

டீச்சர் விடல. நெட் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு ஆணையத்துக்கு மூணு பக்கப் புகார் தட்டிவிட்டாங்க. ரெண்டே முக்கால் பக்கம் நெட்காரரைப் பத்தி. மிச்சம் கால் பக்கம் கம்பெனியைப் பத்தி. கடைசி வரி: 'அந்த ஆளை உடனே வேலையை விட்டு நீக்கணும்.'

பதில் மின்னல் வேகத்துல, நாப்பதாவது நாள் வந்தது. அதுவரைக்கும் டீச்சர் மூணு தெரு தள்ளி, தங்கச்சி வீட்டு சமையல்கட்டுல உட்கார்ந்து பாடம் நடத்தினாங்க. கணக்கோட சேர்த்து, தங்கச்சி மாமியார் பாத்திரத்தை நங்கு நங்குன்னு வைக்கிற சத்தத்தையும் பசங்க கத்துக்கிட்டாங்க. இந்த மாசத்தோட அந்த இடமும் கிடையாதுன்னு சொல்லாமலே சொல்லியாச்சு.

'தங்கள் தெருவில் இரண்டு நிறுவனங்கள் உள்ளன. ஆரோக்கியமான போட்டி நிலவுகிறது. திருப்தி இல்லையெனில் மற்ற நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளவும்.'

"எங்கேடா மாறுறது? ஸ்டிக்கருக்கு ஸ்டிக்கரா?"

டீச்சர் நேரா ஆணையத்துக்கே கிளம்பிட்டாங்க.

அங்கே இருந்த அதிகாரியம்மா நிதானமா சொன்னாங்க: "அந்தப் பதிலை கம்ப்யூட்டரே அனுப்பிடும்மா. தெருவுல ரெண்டு கம்பெனி இருந்தா புகாரை மூடிடும். உங்க தெருவுல இருந்து வந்த அறுபத்தேழும் அப்படித்தான் மூடிச்சு."

"அப்போ நீங்க எதுக்கு இருக்கீங்க?"

"எத்தனை மூடிச்சுன்னு எண்ணுறதுக்கு."

டீச்சர் பையைத் தூக்கிக்கிட்டு எழுந்தாங்க.

"கவலைப்படாதீங்க. ரெண்டும் ஒரே முதலாளியோடதுன்னு நேத்து உத்தரவு வந்தாச்சு. மூணாவது கம்பெனிக்கு அனுமதி கொடுத்துட்டோம். அடுத்த வாரமே ஒயர் இழுப்பாங்க."

டீச்சர் முகத்துல பல்பு எரிஞ்சுது. "என் புகாராலதானே?"

"உங்களதும் மூடினதுல ஒண்ணுதாம்மா."

"சரி விடுங்க. அந்த ஏணிக்காரனையாவது வேலையை விட்டுத் தூக்கினாங்களா?"

"தூக்கிட்டாங்க. போன மாசமே."

"வேணும்! நல்லா வேணும்!"

அதிகாரியம்மா ஃபைல்ல இருந்து ஒரு தாளை உருவி, டீச்சர் பக்கமா நகர்த்தினாங்க.

"கம்பெனி ஊழியரே கையெழுத்துப் போட்டு எழுதினா மட்டும் கம்ப்யூட்டரால மூட முடியாதும்மா. விளக்கம் கேட்டு அதைக் கம்பெனிக்கே அனுப்பினோம். நடைமுறை அப்படி. அன்னிக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

கோணல்மாணலா எழுத்து. தேதி, டீச்சர் அவரைக் கத்தி விரட்டின அதே நாள்.

'ஐயா, பன்னெண்டாம் நம்பர் வீட்டு டீச்சருக்கு இன்னொரு தடவை நெட் போச்சுன்னா வேலை போயிடும். அவங்க தெருவுல போட்டி இருக்குன்னு நீங்க எழுதி வச்சிருக்கீங்க. அந்தப் போட்டி நான் ஒருத்தன்தாங்க.'