ஆடிட்டர் தேடிப் பிடித்த வகுப்பு

“இன்னும் தேயுங்க சார்” என்றார் குரு.

ஆடிட்டர் உப்புத்தாளைப் புதிதாக மடித்துக்கொண்டு மேசைக் காலை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். காலையிலிருந்து இந்தக் காலைத்தான் தேய்க்கிறார். தோள்பட்டை கழன்று விழும் போலிருந்தது. மனசோ காற்றில் மிதந்தது.

இப்படி ஒரு வகுப்பைப் பிடிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? ஐம்பதை நெருங்கும்போது திடீரென்று வந்த மரவேலை ஆசை. உள்ளூரில் இருந்த வகுப்புகளையெல்லாம், அடுத்தவர் கணக்கைத் துருவுவது போலத் துருவி எடுத்துவிட்டார்.

ஒரு இடத்தில் ரம்பத்தைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் மரத்தின் வரலாறு என்று திரையில் படம் ஓட்டினார்கள். இருட்டில் ஆடிட்டர் நிம்மதியாகத் தூங்கி எழுந்தார்.

இன்னொரு இடத்தில் பலகைகளை அவர்களே அறுத்து வைத்திருந்தார்கள். ஒட்டிச் சாயம் பூசினால் பறவைக் கூடு தயார். பக்கத்தில் இருந்த ஏழு வயதுப் பெண், “அங்கிள், கூரையைத் தலைகீழா ஒட்டுறீங்க” என்றாள். அன்றோடு அதற்கும் முழுக்குப் போட்டார்.

“உங்களுக்குப் பென்சில் சீவினாலே கையில பிளாஸ்திரி போடணும். இந்த வம்பு எதுக்கு அத்தான்?” என்று சிரித்தான் மனைவியின் தம்பி. மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்ததுதான் சுருக்கென்று தைத்தது.

அந்த ரோஷத்தோடு அலைந்தபோதுதான், இந்தக் கட்டடத்தில் நல்ல வகுப்பு நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கேட்டைத் தாண்டியதுமே மரத்தூள் வாசனை. உள்ளே நான்கைந்து பேர் தலை நிமிராமல் இழைத்துக்கொண்டிருந்தார்கள். படமும் இல்லை, பறவைக் கூடும் இல்லை.

“மரவேலைக்காக வந்திருக்கேன். ஒண்ணும் தெரியாது மாஸ்டர், ஆனா சொன்னதைச் செய்வேன்” என்றார் ஆடிட்டர்.

தாடியெல்லாம் தூளாக நின்ற மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “சனி, ஞாயிறு தவறாம வருவீங்களா? அந்த ரெண்டு நாளைக்குத்தான் ஆள் இல்லாம தவிக்கிறேன். மத்ததை மாசக் கடைசியில பேசிக்கலாம்.”

கட்டணத்தைக்கூட முன்னால் கேட்காத அந்தப் பெருந்தன்மையில் ஆடிட்டர் அப்போதே விழுந்துவிட்டார்.

முதல் வாரம் பெருக்கச் சொன்னார்கள், பெருக்கினார். வீட்டில் விளக்குமாறு எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாதவர் அவர். “முதல்ல அகங்காரத்தைப் பெருக்கித் தள்ளணும். அதான் இந்தப் பாடம்” என்று மனைவியிடம் விளக்கினார். “அந்தப் பாடத்தை இங்க ஹால்லயும் ஒரு தடவை நடத்துங்களேன்” என்றாள் அவள்.

அடுத்த வாரம், குரு வாங்கி வந்திருந்த நல்ல பலகையை இரண்டு விரற்கடை குறைத்து அறுத்துவிட்டார். குரு கண்ணை மூடி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“எப்பேர்ப்பட்ட பொறுமை தெரியுமா! திட்டவே வராது அந்த மனுஷனுக்கு” என்று ஆடிட்டர் வீட்டில் உருகினார்.

இப்படி உருகி உருகிச் சொன்னதில் மச்சினனுக்கே ஆசை தொற்றிக்கொண்டது. “அத்தான், என்னையும் அங்க சேத்து விடுங்களேன்” என்று இன்று கூடவே வந்துவிட்டான். ஆடிட்டருக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவன் சும்மா நிற்கவில்லை. குரு அறுத்துக்கொண்டிருந்த நீளப் பலகை ஆடுவதைப் பார்த்து, ஓடிப் போய் மறுமுனையை அழுத்திப் பிடித்தான். ரம்பம் நூல் பிடித்தாற்போல இறங்கியது.

“தம்பி, நாளையிலிருந்து வர்றீங்களா?” என்றார் குரு.

“கண்டிப்பா வர்றேன் மாஸ்டர்!”

“பாத்தியா? எல்லாம் என் சிபாரிசு” என்று ஆடிட்டர் மச்சினன் காதில் கிசுகிசுத்தார். குருவின் பார்வை மேசைக் காலுக்குப் போனது. தேய்த்துத் தேய்த்து அது மற்ற மூன்று கால்களைவிட இளைத்துப் போயிருந்தது.

“சார், கொஞ்சம் இப்படி வாங்க.”

ஆடிட்டருக்குப் புரிந்துவிட்டது. தேய்ப்புப் படலம் முடிந்தது, இனி உளியைக் கையில் கொடுக்கப்போகிறார்! மச்சினன் பார்க்கிறானா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

கேட்டருகே நின்ற குரு, கையிலிருந்த தூளைத் தட்டினார். பிறகு தட்டுவதற்குத் தூளே இல்லாதபோதும் தட்டிக்கொண்டிருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க ரொம்ப நல்ல மனுஷன்...”

“எதுவானாலும் சொல்லுங்க மாஸ்டர். நான் தயார்!”

“இதே கட்டடத்துல, மாடியில மரவேலை கிளாஸ் ஒண்ணு நடக்குது. ஒரு ஆறு மாசம் போய்க் கத்துக்கிட்டு வாங்க, அப்புறம் வேலைக்கு வச்சுக்கறேன்.”